வாழைப்பழத் தோல் தேய்த்தால் பல் வெளுக்குமா?

திருச்சியிலிருந்து முசிறி தாண்டி நாமக்கல் சாலையில் போனால், காவிரியின் வடகரையில் தொட்டியம் வரும். ஊர் வருவதற்கு முன்பே சாலையின் இரண்டு பக்கமும் வாழைத்தோட்டம் வந்துவிடும். பூவன், ரஸ்தாளி, கற்பூரவல்லி என்று வீட்டில் எப்போதும் ஏதாவது ஒரு சீப்பு இருந்துகொண்டே இருக்கும் பகுதி இது. இங்கே வாழைப்பழத் தோலுக்கு நேற்றுவரை ஒரே வேலைதான்: மாட்டுத் தொட்டிக்குப் போவது. இப்போது ரீல்ஸ் அதற்கு இன்னொரு வேலை கொடுத்திருக்கிறது. தோலின் உள்பக்கத்தைப் பல்லில் இரண்டு நிமிடம் தேய்த்தால் ஒரே வாரத்தில் பல் முத்துப்போல ஆகிவிடுமாம்.

மதுரகாளியம்மன் கோயில் பங்குனித் திருவிழா, அடுத்து வரிசையாக முகூர்த்தங்கள் என்று போட்டோவுக்குச் சிரிக்க வேண்டிய நாட்கள் நெருங்கும்போது, தொட்டியத்தில் எந்த வீட்டிலும் இப்படி ஒரு பேச்சு நடக்கலாம்.

“என்னடி இது, தோலைப் போட்டு இழைச்சிக்கிட்டு இருக்க?”

“பல்லு வெள்ளையாகும் அப்பாயி. மூணு லட்சம் பேரு லைக் போட்டிருக்காங்க.”

“லைக்கு போட்டவங்க பல்லைக் காட்டுனாங்களா?”

அப்பாயியின் கேள்வி சரியான கேள்வி.

வீடியோவில் சொல்லும் காரணம் இதுதான். வாழைப்பழத் தோலில் பொட்டாசியமும் மெக்னீசியமும் இருக்கின்றன. அவை எனாமலுக்குள் போய்க் கறையை எடுத்துவிடும். முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதிக்கு ஆதாரம் கிடையாது. இந்தத் தாது உப்புகளுக்கு வெளுக்க வைக்கும் சக்தி இல்லை. தேய்த்து முடித்ததும் பல் கொஞ்சம் பளபளப்பாகத் தெரிவது நிஜம்தான். மேலே ஒட்டியிருக்கும் வழவழப்பான படலத்தை எதை வைத்துத் தேய்த்தாலும் கொஞ்சம் போகும், ஈரமான பல் எப்போதுமே கூடுதலாக மின்னும். அடுத்த டீ வரைக்கும் அந்த மினுமினுப்பு நிற்கும்.

இதனால் கெடுதல் உண்டா? பெரிதாக இல்லை. தோல் மென்மையானது, பல்லைக் கீறாது. தோலைத் தேய்த்ததே பல் விளக்கிய கணக்கு என்று நினைத்து பிரஷ்ஷை எடுக்காமல் போனால் மட்டும்தான் நஷ்டம்.

ஆனால் ஆசை வாழைத்தோலோடு நிற்பதில்லை. ஒரு வாரம் தேய்த்துப் பலன் தெரியாதபோது, அதே போன் அடுத்த வீடியோவைக் காட்டும். எலுமிச்சை, உப்பு. எலுமிச்சை, சமையல் சோடா. கரித்தூள். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பல்லின் உண்மையான நிறம் என்ன?

பல்லின் மேல் பகுதி எனாமல். எடையில் சுமார் 96 சதவிகிதம் தாது உப்புதான். மனித உடம்பிலேயே மிகக் கடினமான பொருள் இது. ஆனால் எனாமல் முழு வெள்ளை இல்லை. பால் கண்ணாடி மாதிரி ஓரளவு ஒளி ஊடுருவும். அதற்கு அடியில் இருக்கும் டென்டின் என்ற பகுதி இளமஞ்சள் நிறம். அந்த மஞ்சள்தான் எனாமல் வழியாக லேசாக வெளியே தெரிகிறது. ஆகவே ஆரோக்கியமான பல்லின் இயல்பு நிறம் கொஞ்சம் மஞ்சள் கலந்த வெள்ளைதான். கண்ணாடியில் பார்த்துவிட்டு ‘மஞ்சளா இருக்கே’ என்று கவலைப்படும் பலருக்குப் பல்லில் எந்தக் குறையும் இருக்காது. சினிமா நட்சத்திரங்களின் சுண்ணாம்பு வெள்ளைப் பற்களில் பல, பல்லின் மேல் ஒட்டிய பீங்கான் தகடுகள். போன் கேமராவின் ஃபில்டர் போடும் வெள்ளை தனிக் கணக்கு.

குழந்தைகளின் பால் பற்கள் அதிக வெள்ளையாக இருக்கும். அவை விழுந்து பக்கத்தில் நிரந்தரப் பல் முளைக்கும்போது ‘புதுப் பல்லு இப்படி மஞ்சளா வருதே’ என்று பதறி ஓடி வரும் அம்மாக்கள் உண்டு. அதுவும் இயல்புதான்.

இன்னொரு விஷயத்தைத் தெரிந்துகொண்டால் வீட்டுக் குறிப்புகளின் ஆபத்து புரிந்துவிடும். தோல் கிழிந்தால் வளரும், எலும்பு முறிந்தால் சேரும். எனாமல் மட்டும் தேய்ந்தால் தேய்ந்ததுதான். அதை உருவாக்கிய செல்கள், பல் முளைக்கும்போதே மறைந்துவிடுகின்றன. உமிழ்நீரும் ஃப்ளூரைடும் சேர்ந்து, தாது இழந்து லேசாகப் பலவீனமான இடத்தை மறுபடி இறுக்கிக் கொடுக்கும். காணாமல் போன அடுக்கைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

எலுமிச்சையின் ஏமாற்று வேலை

அமிலத்தை அளக்கும் பி.எச். கணக்கில், வாயில் 5.5-க்குக் கீழே போனாலே எனாமல் கரையத் தொடங்கும். எலுமிச்சைச் சாறு 2-க்கும் 3-க்கும் இடையில் இருக்கிறது. சாற்றைப் பல்லில் தடவினால் எனாமலின் மேல்பரப்பு இளகும். இளகிய பரப்பில் கல்லுப்பைப் பொடித்து வைத்துத் தேய்த்தால் என்ன ஆகும் என்று பாத்திரம் துலக்குகிறவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

இதில் உள்ள ஏமாற்று என்னவென்றால், முதல் சில நாட்கள் பல் நிஜமாகவே வெளுத்தது போலத் தெரியும். கறையோடு சேர்த்து மேல் அடுக்கும் போய்விட்டதே! ‘ரிசல்ட் வருது’ என்று வீடியோவுக்குக் கீழே கமென்ட் போடுகிறவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் பார்த்தது முதல் வாரம் மட்டும். மாதக்கணக்கில் தொடரும்போது எனாமல் மெலியும். மெலிந்தால் அடியில் இருக்கும் மஞ்சள் டென்டின் இன்னும் தெளிவாகத் தெரியும். பல் முன்பைவிட மஞ்சளாகும். உடனே இன்னும் அழுத்தித் தேய்ப்பார்கள். கூடவே குளிர்ந்த தண்ணீர் பட்டாலே ‘சுரீர்’ என்று கூச்சம் வரும். வெளுக்க வைக்கப் போய்ப் பல்லை மஞ்சளாக்கிக்கொள்ளும் வழி இதுதான்.

கரித்தூளும் சளைத்ததில்லை. ஆக்டிவேட்டட் சார்கோல் என்று கறுப்பு டப்பாவில் விலை கூட்டி விற்கும் பொருள், நம் பாட்டிகள் தேய்த்த உமிக்கரிக்கு உறவுதான். 2017-ல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் இதழில், இந்தக் கரிப் பொருட்கள் பற்றி அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தார்கள். அவை பாதுகாப்பானவை என்பதற்கோ, பலன் தரும் என்பதற்கோ போதிய ஆதாரம் இல்லை என்பதுதான் முடிவு. ‘நாங்க எல்லாம் உமிக்கரியும் செங்கல்பொடியும்தான் தேய்ச்சோம், கரும்பைக் கடிச்சோம்’ என்று பெரியவர்கள் சொல்வார்கள். அவர்கள் காலத்தில் மூன்று வேளை பிஸ்கட்டும் பாட்டில் ஜூஸும் இல்லை என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். அந்தத் தலைமுறையில் பலருக்கு, ஈறை ஒட்டிப் பல் குழிந்து அரிவாள் வெட்டு மாதிரி இருப்பதைப் பார்க்கலாம். சொரசொரப்பான பொடியும் விரலின் அழுத்தமும் பல வருடம் சேர்ந்து செய்த வேலை அது.

சமையல் சோடாவுக்கு மட்டும் கொஞ்சம் சலுகை தரலாம். அது அமிலம் இல்லை, சொரசொரப்பும் குறைவு. சில பேஸ்ட்களில் அளவோடு சேர்க்கிறார்கள். எலுமிச்சைச் சாற்றில் குழைத்துத் தேய்ப்பதுதான் வேண்டாத வேலை.

‘வொயிட்டனிங்’ என்று அட்டையில் போட்டு வரும் பேஸ்ட்கள்? அவை டீ, காபி போட்ட மேல்கறையை ஓரளவு எடுக்கும். பல்லின் உள்நிறத்தை மாற்றாது. சிலவற்றில் நீல நிறமி இருக்கும். அது பல்லில் மெல்லியதாக ஒட்டி, மஞ்சளை மறைத்து வெள்ளையாகக் காட்டும். அப்பாவின் வேட்டிக்குச் சொட்டு நீலம் போடுகிறோமே, அதே வித்தைதான்.

தேய்த்தாலும் போகாத கறை

தொட்டியத்தைத் தொட்டுக்கொண்டு ஓடும் இதே காவிரி, தமிழ்நாட்டுக்குள் நுழையும் இடம் ஒகேனக்கல். அங்கே இருக்கும் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல கிராமங்களின் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு அதிகம். குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளூரைடு இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. நிரந்தரப் பற்கள் ஈறுக்குள்ளேயே உருவாகும் வயதில், அதாவது சுமார் எட்டு வயதுக்குள், இந்த வரம்பைத் தாண்டிய தண்ணீரையே குடித்து வளரும் குழந்தைக்கு எனாமலே குறையோடு உருவாகும். பல்லில் சுண்ணாம்புத் திட்டு, மஞ்சள் பட்டை, முற்றினால் பழுப்புக் கறை. இதை ஃப்ளூரோசிஸ் என்கிறார்கள். வரம்பைவிட அதிகமான ஃப்ளூரைடு பல வருடம் உடம்பில் சேர்ந்தால் எலும்பும் மூட்டும் பாதிக்கும்.

அந்த ஊர்ப் பிள்ளைகள் ‘ஒழுங்கா பல்லு விளக்கலியா?’ என்ற கேள்வியை வெளியூரில் எத்தனை முறை கேட்டிருப்பார்கள்! எத்தனை முறை விளக்கினாலும் போகாத கறை அது. தீர்வு தண்ணீரில்தான் இருந்தது. ஜப்பான் நிதியுதவியோடு கட்டப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃப்ளூரோசிஸ் தடுப்புத் திட்டம் 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது. இரண்டு மாவட்டங்களுக்கும் காவிரித் தண்ணீர் குழாயில் போக ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

ஆகவே கறை என்றதும் தேய்ப்பது தவறு. எந்தக் கறை என்று முதலில் பார்க்க வேண்டும். டீ, வெற்றிலை, சிகரெட் போட்டது வெளிக்கறை. கிளீனிங் செய்தால் போய்விடும். ஃப்ளூரோசிஸ், வயதாவதால் வரும் மஞ்சள், அடிபட்டு உள்ளே நரம்பு செத்துப்போன பல்லின் சாம்பல் நிறம் இவையெல்லாம் உள்கறை. ஒரே ஒரு பல் மட்டும் நிறம் மாறினால் அது அழகுப் பிரச்னை இல்லை, டாக்டரைப் பார்க்க வேண்டிய பிரச்னை.

உள்நிறத்தை மாற்றப் பல் மருத்துவர்கள் செய்வது பிளீச்சிங். ஹைட்ரஜன் பெராக்சைடு அல்லது கார்பமைடு பெராக்சைடு ஜெல்லைப் பயன்படுத்துவார்கள். வேலை செய்யும். ஆனால் சில நாள் கூச்சம் இருக்கும், பலன் நிரந்தரம் இல்லை, ஏற்கெனவே போட்ட கேப்பும் அடைப்பும் வெளுக்காது. மற்ற பற்கள் வெளுத்து அவை மட்டும் தனியாகத் தெரியும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 0.1 சதவிகிதத்துக்கு மேல் ஹைட்ரஜன் பெராக்சைடு உள்ள வெளுப்புப் பொருளைக் கடையில் நேரடியாக விற்க முடியாது. 6 சதவிகிதம் வரை பல் மருத்துவர் மூலம்தான், அதுவும் 18 வயதுக்குக் கீழே கூடாது. ஆன்லைனில் வரும் பெயர் தெரியாத ஜெல்லை ஆர்டர் போடும் முன் இதை ஒருமுறை யோசிக்கலாம். முகூர்த்தத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது ஒரு கிளீனிங் செய்துகொண்டாலே பெரும்பாலான மணமக்களுக்குப் போதும்.

அப்பாயியின் வெற்றிலைப் பெட்டி

பேத்தியின் பல்லைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு அப்பாயியை விட்டுவிட முடியாது. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, கூட ஒரு துண்டு புகையிலை. பல்லில் ஏறும் செந்நிறக் கறை இதில் மிகச் சின்ன விஷயம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-ல் வெளியிட்ட அறிக்கையில், புகையிலை சேர்க்காத வெற்றிலைப் பாக்கையும், பாக்கை மட்டுமேகூட, மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பட்டியலில் வைத்தது. ‘நான் புகையிலை போடுறதில்ல, வெறும் பாக்குதான்’ என்ற சமாதானம் அதோடு முடிந்தது.

பல்பொடியிலும் ஒரு பழைய கதை உண்டு. பல்வலி மரத்துப்போகப் புகையிலை கலந்த பொடியைத் தேய்க்கும் பழக்கம் நாடு முழுக்க இருந்தது. புகையிலை கலந்த பல்பொடி, பேஸ்ட் தயாரிக்கவும் விற்கவும் மத்திய அரசு 1992-ல் தடை போட்டது. இருந்தும் புகையிலைத் தூளைப் பல்லிடுக்கில் அதக்கினால் வலி போகும் என்ற நம்பிக்கை இன்னும் போகவில்லை. வலி தெரியாமல் போகும். சொத்தை உள்ளே போய்க்கொண்டேதான் இருக்கும்.

வெற்றிலை, புகையிலை போடுகிறவர் வீட்டில் இருந்தால் மாதம் ஒருமுறை வெளிச்சத்தில் உட்காரவைத்து வாயைப் பாருங்கள். இரண்டு வாரம் ஆகியும் ஆறாத புண், கன்னத்தின் உள்பக்கமோ நாக்கின் ஓரமோ வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, முன்பு மாதிரி வாயை அகலத் திறக்க முடியாமல் இறுகுவது, காரம் பட்டாலே எரிவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடக் கூடாது. ஆரம்பத்தில் வலி இருக்காது என்பதால்தான் இந்த நோய் முற்றிய பிறகு ஆஸ்பத்திரிக்கு வருகிறது.

ராத்திரி விளக்குவதுதான் முக்கியம்

சரி, தினமும் என்னதான் செய்வது? சுவாரசியம் இல்லாத பதில்தான். ஃப்ளூரைடு உள்ள பேஸ்ட், மென்மையான பிரஷ், இரண்டு வேளை, இரண்டு நிமிடம். தர்மபுரியில் கெடுதல் செய்த ஃப்ளூரைடு இங்கே எப்படி நல்லதாகும் என்று கேட்கலாம். அளவும் வழியும்தான் வித்தியாசம்: அங்கே வருடக்கணக்கில் குடித்தார்கள், இங்கே பல்லில் தடவித் துப்புகிறோம். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் ஃப்ளூரைடு பேஸ்ட்டை அத்தியாவசிய மருந்துகள் பட்டியலிலேயே சேர்த்துவிட்டது.

விளம்பரத்தில் வருவது போல பிரஷ் நீளத்துக்கு அலை அலையாகப் பேஸ்ட் வேண்டாம். பெரியவர்களுக்கும் மூன்று வயதைத் தாண்டிய குழந்தைகளுக்கும் பட்டாணி அளவு. அதற்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு அரிசி அளவு. நுரையைத் துப்பிவிட்டு உடனே வாய் நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காமல் இருந்தால் ஃப்ளூரைடு கொஞ்ச நேரம் பல்லில் தங்கும். நம் ஊரில் கொப்பளிக்காமல் எழுந்தால் பல் விளக்கிய திருப்தியே வராது என்பதும் தெரியும். கொஞ்சமாகக் கொப்பளிக்கலாம்.

காலையில் விளக்காமல் காபி குடிப்பதை ஊரே கேலி செய்யும். ராத்திரி விளக்காமல் படுப்பதை யாரும் கேட்பதில்லை. பல்லுக்கு ராத்திரிதான் ஆபத்தான நேரம். தூங்கும்போது உமிழ்நீர் சுரப்பது வெகுவாகக் குறைந்துவிடும். அமிலத்தைக் கழுவ ஆள் இல்லை. படுக்கப் போகும்போது பால், கூட ரெண்டு பிஸ்கட் என்று பழக்கிய குழந்தைகளின் மேல்வரிசை முன்பற்கள் வரிசையாகச் சொத்தையாவது இதனால்தான்.

எலுமிச்சை சாதம், மோர், ஜூஸ் என்று புளிப்பாக எதைச் சாப்பிட்டாலும் உடனே பிரஷ்ஷை எடுக்க வேண்டாம். தண்ணீரால் கொப்பளித்துவிட்டு ஒரு மணி நேரம் விட்டு விளக்கினால் இளகிய எனாமல் இறுகியிருக்கும். வேப்பங்குச்சிப் பிரியர்கள் தாராளமாகத் தொடரலாம். நுனியை நன்றாக மென்று நார் நாராக்கிக்கொள்ள வேண்டும். ஆனால் பல்லின் உள்பக்கத்துக்கும் கடைவாய்க்கும் குச்சி போகாது, அதில் ஃப்ளூரைடும் கிடையாது. ராத்திரி ஒரு வேளையாவது பிரஷ் வேண்டும்.

பெற்றோர் பலரும் தவறவிடும் விஷயம் ஒன்று உண்டு. ஆறு வயதில், கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் ஓசைப்படாமல் ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமல் முளைப்பதால் அதையும் பால் பல் என்றே நினைத்து, ‘விழுந்து முளைக்கப் போறதுதானே’ என்று சொத்தையைக் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள். அது நிரந்தரப் பல். போனால் திரும்ப வராது. உங்கள் வீட்டு ஒன்றாம் வகுப்புக் குழந்தையை இன்றைக்கே வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள்.

கிளீனிங் பண்ணினால் பல் ஆடுமா?

டாக்டரிடம் போகாமல் இருக்க நம்மிடம் இரண்டு பலமான காரணங்கள் இருக்கின்றன. ஒன்று, மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும். மேல் பல்லின் நரம்புக்கும் பார்வை நரம்புக்கும் தொடர்பே இல்லை. வயதான காலத்தில் பல்லும் விழுகிறது, கண்ணில் புரையும் விழுகிறது. ஒன்றன் பின் ஒன்றாக நடந்ததால் ஒன்றுக்கு ஒன்று காரணமாகிவிட்டது.

இரண்டு, கிளீனிங் செய்தால் பல் ஆடும், இடைவெளி விழும். இதில் கண்ணால் பார்த்த அனுபவம் இருப்பதால் நம்பிக்கை எளிதில் போகாது. பல்லில் படியும் படலம் நாளடைவில் உமிழ்நீரின் உப்போடு சேர்ந்து காரையாக இறுகிவிடுகிறது. இறுகிய காரையைப் பிரஷ்ஷால் எடுக்க முடியாது. அது ஈறுக்கு அடியில் இறங்க இறங்க, பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரையும். பல வருடக் காரை, சிமென்ட் மாதிரி இடுக்கை அடைத்துக்கொண்டு ஆடும் பல்லையும் அசையாமல் காட்டும். அதை எடுத்ததும் ஏற்கெனவே இருந்த ஆட்டமும் இடைவெளியும் வெளியே தெரிகின்றன. கிளீனிங் செய்யாமல் விட்டிருந்தால் இன்னும் சில வருடத்தில் அந்தப் பல் தானாகவே கையோடு வந்திருக்கும். பல் விளக்கும்போது ரத்தம் வந்தால் ஈறில் வீக்கம் இருக்கிறது என்று அர்த்தம். அந்த இடத்தை விட்டுவிட்டு விளக்கக் கூடாது, அங்கேதான் மெதுவாக, கூடுதலாக விளக்க வேண்டும். சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு ஈறு நோய் சீக்கிரம் முற்றும். ஈறு கெட்டிருந்தால் சர்க்கரையும் கட்டுக்குள் வர அடம்பிடிக்கும்.

மிச்சம் இருக்கும் காரணம் பணம். சொத்தை சின்னதாக இருக்கும்போது அடைத்தால் ஒரே முறை போனால் முடிந்தது. வலிக்கும் வரை காத்திருந்தால் வேர் சிகிச்சை, அதற்கு மேல் கேப் என்று செலவு பல மடங்காகும். தனியார் கிளினிக் கட்டாது என்பவர்களுக்குத் திருச்சி புத்தூரில் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை இருக்கிறது. அங்கே பல் மருத்துவப் பிரிவு உண்டு. புதுக்கோட்டையில் 2023-ல் அரசுப் பல் மருத்துவக் கல்லூரியும் திறந்தாகிவிட்டது. தொட்டியத்திலிருந்து திருச்சிக்குப் பஸ் ஏறினால் அரை நாள் வேலை. பேத்தி கிளீனிங்குக்குக் கிளம்பும்போது அப்பாயியையும் கூட்டிக்கொண்டு போய், அந்த நாற்காலியிலேயே அவர் வாயையும் ஒருமுறை பார்க்கச் சொல்லலாம்.